அண்ணியின் ஜாக்கெட் அளவு

ஜூன் 11, ஞாயிறு

டாக்டர் மெகருன்னிசா தினமும் எழுதச் சொன்னது மூன்றே விஷயம். எத்தனை மணி நேரம் தூங்கினேன், சாப்பிட்டேனா, மனசு எப்படி இருந்தது. ஆறு வருஷமாகச் சாப்பிடும் மாத்திரையைக் குறைக்கலாமா என்று போன வாரம் கேட்டதற்கு, "மொதல்ல ஒரு மாசம் எழுதிக் கொண்டாங்க தில்லைநாயகி, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். கடை அளவு நோட்டையே தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பக்கம் விருத்தாசலத்துப் பெண்களின் ஜாக்கெட் அளவு. பின்பக்கம் என் பாடு.

தூக்கம்: ஏழு மணி நேரம். சாப்பாடு: நிச்சயதார்த்தப் பந்தி, ஆனால் பாயசத்தோடு எழுந்துவிட்டேன். மனசு: சந்திரிகா அண்ணியை உரலில் போட்டு இடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

இன்று என் தம்பி குமரகுருவுக்கு நிச்சயம். கல்யாணம் தை மாதம். எங்கள் பக்கத்தில் தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டும். அவனுக்கு இருக்கும் ஒரே அக்கா நான். அவனுடைய பள்ளிக்கூட டவுசரைத் தைத்துத் தைத்துத்தான் நான் தையற்காரியே ஆனேன். அந்த இரண்டு முடிச்சு எனக்கு என்று அவன் பிறந்தபோதே எழுதிவைத்தாயிற்று.

பந்தியில் பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சு உங்க சித்தப்பா பொண்ணு கோமளா போடட்டும்னு பேசிட்டோம். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. உங்க அண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க. மனசுக்கு மாத்திரை சாப்புடுறவங்களாமே. மேடையில ஏதாவது ஆயிடுச்சுன்னா உங்களுக்கும் கஷ்டம், எங்க பொண்ணுக்கும் சகுனம் பாருங்க."

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அன்பழகன் மண்டபத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். அண்ணி மட்டும் கூடத்தில் பூக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் தில்லை. கை நடுங்கிச்சுன்னா உனக்குத்தான அசிங்கம்?"

"என் கையா நடுங்குது? இந்தக் கையாலதான் இருபது வருசமா உங்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். என்னைக்காவது ஒரு தையல் கோணிச்சா?"

அவள் அடுத்த பூக்கட்டை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பையில் இரண்டு மாதத்து மாத்திரை அப்படியே இருந்தது. கவரோடு எடுத்து அவள் மூஞ்சியில் எறிந்தேன். "எனக்கு இனிமே வேணாம், நீங்களே முழுங்குங்க!" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது கீழே சிதறிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கட்டும்.

தைக்குள் மாத்திரை இல்லாத மனுஷியாக மேடை ஏறுவேன். அந்த இரண்டு முடிச்சும் என் கைதான் போடும். அவள் பார்க்க வேண்டும்.

ஜூன் 13

மாத்திரை இல்லாமல் மூன்றாம் நாள். ஒன்றுமே ஆகவில்லை. இதற்கா ஆறு வருஷம் பயந்தேன்! ஒரே மூச்சில் நாலு ஜாக்கெட் தைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து வருகிற மனுஷன், அவருக்கு எதற்கு இது.

ஜூன் 16

கண்ணை இடதுபக்கம் திருப்பினால் தலைக்குள் வெடுக்கென்று ஏதோ சுண்டுகிறது. ஈரக்கையால் மெஷின் ஒயரைத் தொட்ட மாதிரி. வலப்பக்கம் திருப்பினாலும் அப்படியே. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். வாந்தி. வேர்வை. மீனாட்சி டீச்சரின் ஜாக்கெட்டுக்கு இடது கையை இரண்டு தடவை வெட்டிவிட்டேன், வலது கைக்குத் துணி இல்லை. அவர் திட்டக்கூட இல்லை, "உடம்பு பாத்துக்கோ தில்லை" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 18

ரசத்தில் உப்பு இல்லை என்று இவர் சொன்னார். குக்கர் மூடியை வீசினேன். சுவரில் பட்டு விழுந்தது. அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னா தில்லை?" என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த சுடிதாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கம் இரண்டு மணி நேரம்.

ஜூன் 19

நூல் வாங்க ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

ஜூன் 20, செவ்வாய்

இவர் என் நோட்டைப் படித்துவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள், நாலு பக்கத்தை ஒரு மணி நேரம் படித்திருக்கிறார். லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் முதல் நாளில் தூக்கம், சாப்பாடு, மனசு வரியை மட்டும் பார்த்துவிட்டு மற்ற நாட்களைப் படித்தார். அண்ணியை உரலில் இடிக்கும் இடத்தில் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க நூல் வாங்குற கடை எங்க இருக்கு?"

"கடைவீதியில."

"ரயில்வே கேட் பக்கம் நூல் கடை இருக்கா?"

"இல்ல."

இவர் என் கையைப் பிடித்தார், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. எத்தனை நாளாக அப்படித் தோன்றுகிறது, இப்போதும் தோன்றுகிறதா என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் கேட்டார். நானும் சொன்னேன். இனி அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் போன் பண்ணவேண்டும் என்று சொல்லித் தன் நம்பரை இவரிடம் கொடுத்தார்.

பிறகு எனக்குக் கிடைத்தது பாட்டு.

"மாத்திரைய விடணும்னு நெனைக்கிறது தப்பில்லை. தடால்னு விட்டதுதான் தப்பு. ஆறு வருசமா மூளை அதோட பழகியிருக்கு. தைச்ச துணியைப் பிரிக்கணும்னா இழுத்துக் கிழிப்பீங்களா?"

"ஒவ்வொரு தையலா வெட்டிப் பிரிப்பேன்."

"அவ்வளவுதான்."

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார். பழைய அளவுக்கே திரும்ப வேண்டுமாம். உடம்பு சமநிலைக்கு வந்து இரண்டு மாதம் போன பிறகு துளித்துளியாகக் குறைப்பது. இடையில் தடுமாறினால் அதே இடத்தில் நிற்பது.

"தைக்குள்ள முடியுமா டாக்டர்?"

"வைகாசி ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அப்ப என் முடிச்சு?"

"முடிச்சு போடுறதுக்கும் மாத்திரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

டாக்டருக்கு எங்கள் அண்ணியைத் தெரியாது. இவர் முன்னால் வெளியே போனதும், "மிச்ச மாத்திரை எங்க?" என்று கேட்டார். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அண்ணன் வீட்டுக் கூடமும் ஒரு குப்பைதான்.

ஜூலை 9

தலைக்குள் சுண்டுவது நின்றுவிட்டது. தூக்கம் ஆறு மணி நேரம். காலையில் இவரோடு கோயில் மதிலைச் சுற்றி நடக்கிறேன், டாக்டர் உத்தரவு. ஒரு சுற்றுக்கு ஒரு பழிவாங்கல் யோசிக்கிறேன். முதல் சுற்றில், கல்யாணத்துக்கே போகாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவது. இரண்டாம் சுற்றில், போய் மேடை முன்னால் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க மாத்திரை விழுங்குவது. மூன்றாம் சுற்றில் இவர், "என்னா தனியா சிரிக்கிற?" என்றார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

முதல் குறைப்பு. டாக்டர் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுக் கொடுத்தார். மாத்திரையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன், பாதி பறந்து மெஷின் அடியில் போய்விட்டது. மருந்துக்கடையில் இதற்கென்றே ஒரு டப்பி இருக்கிறது, உள்ளே பிளேடு வைத்தது. வாங்கினேன்.

செப்டம்பர் 14

நாலு நாளாக நெஞ்சு படபடப்பு. பிரஷர் குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. டாக்டருக்குப் போன் பண்ணினேன். "கீழ எறங்க வேணாம், அதே படியில நில்லுங்க" என்றார். நிற்கிறேன். என்னை இந்தப் படியில் நிற்கவைத்தவள் நாசமாய்ப் போக.

நவம்பர் 2

அண்ணி கடைக்கு வந்தாள். தீபாவளி ஜாக்கெட். அளவெடுக்க நாடாவைச் சுற்றும்போது அவள் கழுத்து எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

முப்பத்தெட்டு. பல வருஷமாக அதே அளவு. ஆனால் முகம் அப்படியொரு தெளிவு. கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருப்பைக் காணோம்.

"இப்பல்லாம் நல்லா தூங்குறேன் தில்லை. படுத்தா காலையிலதான்" என்றாள்.

தூங்குவாள், ஏன் தூங்க மாட்டாள்! என் தூக்கத்தைப் பிடுங்கித் தின்றவள். பாம்புக்கு எங்கே நெஞ்சு படபடக்கும்? அவள் போன பிறகு அரை மணி நேரம் மெஷினை வெறும் துணியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் நின்று, "உன் டாக்டர் நல்லா பாப்பாங்களா?" என்று கேட்டாள். "பைத்தியங்களுக்கு மட்டும்தான் பாப்பாங்க" என்றேன். போய்விட்டாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

பாதி மாத்திரைக்கு வந்தாயிற்று. டாக்டர் நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கோபம் கொஞ்சம்கூடக் குறையலையே" என்றார். "அதுக்கு மாத்திரை இருக்கா?" என்றேன். சிரித்தார். "அது உங்களோடது, வெச்சுக்குங்க. தூக்கம்தான் எனக்கு வேணும்" என்றார்.

ஜனவரி 8

கல்யாணத்துக்கு அண்ணி அரக்குப் பட்டுத் துணியை அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அளவு கொடுக்க வரவில்லையா என்று கேட்டேன். "பழைய அளவுலயே தைக்கச் சொன்னா, அவளுக்கு நேரமில்ல" என்றார். அண்ணன் முகத்தில் நாலு நாள் தாடி.

கோமளா முடிச்சுப் போடுவதற்கு அவள் பட்டுக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாளாம், அதற்கு நான் தைக்க வேண்டுமாம். முப்பத்தெட்டு இருக்கிறவளுக்கு முப்பத்தேழாகத் தைத்தேன். கை வளையத்திலும் கால் இஞ்ச் பிடித்தேன். உள்ளே பிரித்துவிடத் துணியும் வைக்கவில்லை. அன்று முழுக்க மூச்சு முட்டட்டும். ஒவ்வொரு கொக்கியையும் ரசித்துக் கட்டினேன். இந்தத் தொழிலில் நான் செய்த முதல் துரோகம், எழுதும்போதே இனிக்கிறது.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

தம்பி வற்புறுத்தியதால் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணி போர்வைபோல ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் நின்றாள். கரண்டியைக் கீழே போட்டாள், தயிர் கொட்டியது, அதற்கு அழுதாள். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறாள், ராணி மாதிரி. கல்யாணப் பதற்றம். படட்டும், நன்றாகப் படட்டும்.

சாப்பிடும்போது கொல்லைக் கிணற்றுக்கு மூடி போடச் சொல்லி அண்ணனைப் பிடுங்கினாள். கல்யாணத்துக்குக் குழந்தைகள் வருமாம். இருபது வருஷமாகத் திறந்து கிடக்கிற கிணறு. அண்ணன், "எல்லாம் கல்யாணம் முடிஞ்சி பாக்கலாம்" என்றார். எல்லாவற்றிலும் அதிகாரம் பண்ண வேண்டும் இவளுக்கு.

ஜனவரி 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். டாக்டர் படிப்பார் என்று தெரியும்.

ஆறு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். முகூர்த்தம் ஏழரைக்கு மேல். மணமகன் அறையில் அண்ணி தனியாக, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தில்லை, ஊசி நூல் வெச்சிருக்கியா? ஜாக்கெட் நிக்க மாட்டேங்குது."

நான் முப்பத்தேழில் தைத்த ஜாக்கெட். கிழிந்துவிட்டது போலிருக்கிறது, என் வேலை பலித்தது என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு போனேன். கிழியவில்லை. தோளிலிருந்து வழிந்து நின்றது. பின்பக்கம் என் கைமுட்டி நுழைகிற அளவு தொளதொளவென்று இருந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். நாடா தேவையில்லை, கண்ணாலேயே தெரியும் எனக்கு. முப்பத்தைந்துகூட இல்லை.

"என்னா அண்ணி, சாப்புடுறீங்களா இல்லையா?"

பதில் சொல்லத் தலையைத் திருப்பினாள். உடனே கண்ணை இறுக்கி மூடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. தலையத் திருப்புனா உள்ள வெடுக்குன்னு ஏதோ சுண்டுது. கரண்டு மாதிரி."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அது என் வார்த்தை. ஜூன் பதினாறு.

"என்ன மாத்திரை அண்ணி சாப்புட்டீங்க?"

வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எறிஞ்சியே, அதுதான்."

அப்புறம் நிறுத்த முடியாமல் கொட்டினாள். தூக்கம் வரும் என்று ஒன்று போட்டாளாம், வந்ததாம். மூன்று வாரத்தில் முகம் தெளிந்ததாம். இரண்டு மாதத்தில் அட்டை தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டி வாங்கினாளாம். தீபாவளிக்குப் பிறகு சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். வேறு வேறு கடையில் கெஞ்சி இரண்டு, நாலு. பொங்கலுக்கு முந்தின நாளோடு அதுவும் நின்றுவிட்டது.

"எப்ப இருந்து அண்ணி உங்களுக்கு?"

"உங்க அம்மாவ மூணு வருசம் படுக்கையில வெச்சுப் பாத்தேனே, அப்ப இருந்து. அவங்க போனதும் நீ அழுத, டாக்டர்கிட்ட போன, மாத்திரை வாங்குன. நான் எங்க போறது? மாமியாருக்குத் துணி மாத்துனவளுக்கு மனசுல என்ன நோவுன்னு கேக்க மாட்டாங்களா? உன்னையே காட்டிக்கிட்டு இருந்தா என்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அடிப் பாவி! எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் இரண்டு மடங்காக ஏறியது. தன் நோவை மறைக்க என் நோவை ஊருக்குப் பந்தி வைத்திருக்கிறாள். முதுகைக் காட்டி நிற்கிறாள், என் கையில் ஊசி. பக்கத் தையலைப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தேன்.

"உன் பையில இருக்கும்ல தில்லை. ஒண்ணே ஒண்ணு குடு. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிடுறேன்."

"குடுக்க மாட்டேன். ஒரு தடவ குடுத்ததே போதும். டாக்டர்கிட்ட கேக்காம இனி ஒண்ணுகூடக் கிடையாது."

"அப்ப கேளேன். போன் போடேன்."

"போடுறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வேலை செய்யணும். சம்பந்தியம்மாகிட்ட போயி முடிச்சு நான்தான் போடணும்னு சொல்லுங்க. நீங்க சொன்னது தப்புன்னும் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க, போன் போடுறேன்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனாள். இருபதடி தூரம். கூடப் போய்த் தாங்கியிருக்கலாம். போகவில்லை.

சொன்னாள். வாசற்படியில் நின்று கேட்டேன். "தில்லைக்கு ஒரு குறையும் இல்ல சம்பந்தி. நான்தான் பொறாமையில வாய் தவறிட்டேன். அவதான் போடணும்" என்றாள். பெண்ணின் அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோமளா, "எனக்கென்ன, நீயே போடுக்கா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

கெட்டிமேளம். குமரகுரு ஒரு முடிச்சுப் போட்டு விலகினான். நான் குனிந்து மீதி இரண்டையும் போட்டேன். கை நடுங்கத்தான் செய்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் போட்ட முடிச்சு எதுவும் இதுவரை அவிழ்ந்ததில்லை, இதுவும் அவிழாது. தம்பி என்னைப் பார்த்துக் கண் கலங்கினான். ஜெயித்துவிட்டேன். ஏழு மாதம் கறுவிக் கறுவி இதற்குத்தானே காத்திருந்தேன்!

அட்சதை தூவுகிற கூட்டத்தில் அண்ணியைத் தேடினேன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. மூன்றாம் வரிசையில் தலையைத் தூணில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இவர் மோர் டம்ளரோடு நின்றார். அவள் மேடையைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் போன் போட்டேன், எட்டரைக்கு. ஆறரைக்குப் போட்டிருக்க வேண்டியது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உங்க மாத்திரையக் குடுக்கலையே?" இல்லை என்றேன். "நல்லது. அவங்களத் தனியா விடாதீங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள மோசமானா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. அண்ணியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். கல்யாண அலைச்சல், தலைசுற்றல் என்று அண்ணனிடம் சொன்னேன்.

ஜனவரி 29, திங்கள்

டாக்டரிடம் அண்ணியும் நானும் மட்டும் போனோம். டோக்கன் ஆறு.

"மாத்திரை எப்படிக் கெடச்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"கடையில வாங்குனேன்" என்றாள் அண்ணி, என்னைப் பார்க்காமல்.

என்னைக் காட்டிக்கொடுக்க நல்ல சந்தர்ப்பம், விட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளிடம் கடன்பட்டு நான் இருப்பதா?

"மொத ரெண்டு மாசத்துது நான் குடுத்தது டாக்டர். மூஞ்சில எறிஞ்சு முழுங்கச் சொன்னேன். குப்பையில போட்டதா உங்ககிட்ட பொய் சொன்னேன். நேத்தும் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். முடிச்சுக்காக."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். என்னைத் திட்டவில்லை. அண்ணியிடம் திரும்பி, என்னிடம் ஜூனில் கேட்டதையே நேராகக் கேட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா.

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"கொல்லையில கிணறு இருக்கு டாக்டர். மூடி போடச் சொல்லி அவருகிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

குழந்தைகள் வருமாம் என்று நான் எழுதியிருக்கிறேன். இதே நோட்டில், இரண்டு பக்கம் முன்னால். நூல் கடை ரயில்வே கேட்டில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? எனக்குக்கூடப் புரியவில்லையே.

அண்ணனை அங்கேயே போன் பண்ணி வரவழைத்தோம். வந்தார், கேட்டார், வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணிக்கு டாக்டர் முழுசாகப் பரிசோதனை பண்ணிப் புதுச்சீட்டு எழுதினார். எனக்குப் போட்ட அளவு அல்ல, அவளுக்கு என்று தனி அளவு. வாரம் ஒருமுறை வரவேண்டும். தினமும் எழுத வேண்டும்.

பிப்ரவரி 3

காலையில் இவரும் நானும் கொல்லன் பட்டறை ஆளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி, பூட்டோடு. சாவி அண்ணனிடம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணியை மன்னித்துவிட்டேனா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவளும் என்னை மன்னிக்கவில்லை, கண்ணாடியில் பார்த்த பார்வை இன்னும் அவள் கண்ணில் இருக்கிறது. இருக்கட்டும்.

வீட்டில் எழுத முடியவில்லையாம், அண்ணன் எட்டி எட்டிப் பார்க்கிறாராம். அதனால் சாயங்காலம் என் கடைக்கு வந்து வெட்டுமேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறாள். புது நோட்டு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மேலே அவள் பெயரை என் கையால் பெரிதாக எழுதினேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

பேனாவை அழுத்துகிற அழுத்தில் தெரிகிறது, என்னைப் பற்றித்தான்.

"என்னா அண்ணி எழுதுறீங்க?"

"தூக்கம் அஞ்சு மணி நேரம். சாப்பாடு ரெண்டு இட்லி." நிமிர்ந்தாள். "மனசு, உன்னை அம்மியில வெச்சு அரைக்கணும்போல இருக்கு."

"எழுதுங்க, எழுதுங்க. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கிளம்பும்போது அளவெடுத்தேன். முப்பத்தைந்தரை. கல்யாண ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன், பிரித்துச் சரியாகத் தைத்துக் கொடுக்க.

எனக்கு இன்னும் பாதி மாத்திரை. பங்குனியில் கால் ஆகும் என்கிறார் டாக்டர். அவசரமில்லை, மேடை ஏறி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

தூக்கம்: ஆறரை மணி நேரம். சாப்பாடு: மூன்று வேளை. மனசு: கிணற்றுக்கு மூடி போட்டாயிற்று.